திருவிழா விடுமுறை: ஆட்சியரே அறிவிக்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

மத விழாக்களுக்குச் சிறப்பு விடுமுறை விடுவதில் மக்களுக்கு அதிகம் உதவுவது மாநில அரசா, மாவட்ட ஆட்சியரா என்பது இன்றைய தலைப்பு. நான் ஆட்சியர் பக்கம்.

ஆகஸ்ட் 5 தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா, டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, நாகூர் கந்தூரி, மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாள்... இந்த நாட்களில் அந்தந்த ஊரில் பள்ளியைத் திறந்து வைத்தாலும் பிள்ளைகள் வந்து சேர வழியிருக்காது. அதனால்தான் அந்த மாவட்டத்துக்கு மட்டும் ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுகிறார்.

அந்த அறிவிப்பைத் தலைப்போடு நிறுத்தாமல் கடைசி வரை படியுங்கள். ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாள் என்று இருக்கும். பொதுத்தேர்வு இருந்தால் அது நடக்கும். காசோலை, புரோ நோட்டு போன்றவற்றுக்கான செலாவணி முறிச் சட்டப்படி இது பொது விடுமுறை அல்ல, ஆகவே கருவூலம் குறைந்த பணியாளர்களோடு இயங்கும் என்றும் இருக்கும். ஊருக்கு விழாவும் கிடைக்கிறது, பிள்ளைகளுக்குப் பாட நாளும் போகவில்லை. எவ்வளவு அக்கறையான ஏற்பாடு!

மாநிலப் பொது விடுமுறையில் இந்த நெளிவு சுளிவு கிடையாது. 1881-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 25-ஆவது பிரிவின்படி அறிவித்துவிட்டால் வங்கியும் மூடும். ஒரு புரோ நோட்டின் முதிர்வு நாள் அன்று வந்தால், பணம் முந்தைய வேலை நாளிலேயே கட்டியாக வேண்டும். ஆண்டுப் பட்டியலில் முன்பே இருந்தால் வியாபாரி சமாளிப்பார். இடையில் அறிவித்தால் திண்டாட வேண்டியதுதான்.

2021-இல் தைப்பூசத்தைப் பொது விடுமுறை ஆக்கியது முருக பக்தர்களுக்குக் கிடைத்த மரியாதை என்றார் எதிரணித் தலைவர். பல மாவட்டங்களிலிருந்து பாதயாத்திரை போகும் விழா அது, அதற்கு மாநில விடுமுறை பொருத்தம்தான். ஆனால் விடுமுறையை மரியாதையின் அளவுகோலாக்குவதுதான் எனக்குக் கவலை. அப்புறம் விடுமுறை கிடைக்காத ஒவ்வொரு சமூகமும் தன்னை அவமதித்ததாகத்தானே நினைக்கும்? உள்ளூர் விடுமுறை யாரையும் அப்படி எடை போடுவதில்லை. அன்று அந்த ஊர் எப்படி இருக்கும் என்று மட்டும் பார்க்கிறது.

ஆலைத் தொழிலாளர்களையும் நினையுங்கள். 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டப்படி அவர்களுக்கு 4 தேசிய விடுமுறையும் 5 பண்டிகை விடுமுறையும்தான். அந்த ஐந்து எவை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம். அந்தந்த இடத்துக்கு ஏற்ப முடிவெடுக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல.

பிறை பார்த்து நாள் மாறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார் எதிரணியின் அடுத்த பேச்சாளர். 2024-இல் மீலாது நபி விடுமுறை செப்டம்பர் 16-இலிருந்து 17-க்கு மாறியது. அங்கே மாநிலம் முழுக்க ஒரே அறிவிப்பு வேண்டும், மறுக்கவில்லை. ஒரு ஊரின் தேருக்கும் கந்தூரிக்கும் கொடியேற்றத்துக்கும் அந்தத் தேவை இல்லை நடுவர் அவர்களே.