பேஸ் வாசித்தே காலம் தள்ள முடியுமா?

அடுத்த கேள்வி. "போன வீடியோவில் ஆரில்ட் ஆண்டர்சன் என்று ஒரு நார்வே ஜாஸ் கலைஞரைப் பற்றிச் சொன்னீர்கள். தேடிக் கேட்டேன், பேஸ் சத்தமே காதில் விழவில்லை. இதை வாசித்தே ஒருவர் ஐம்பது வருஷம் எப்படிக் காலம் தள்ளினார்?"

முதலில் ஒன்று கேட்கிறேன், போன் ஸ்பீக்கரிலா கேட்டீர்கள்? அவர் வாசிப்பது டபுள் பேஸ், ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின் மாதிரி ஒரு வாத்தியம். அதன் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அந்தக் குட்டி ஸ்பீக்கருக்கு அதெல்லாம் எட்டவே எட்டாது. தப்பு அவர் மேல் இல்லை.

சரி, காலம் தள்ளிய கதைக்கு வருவோம். 1945இல் ஓஸ்லோவுக்குப் பக்கத்தில் பிறந்தவர். முதலில் எடுத்தது கிட்டார், பேஸ் அப்புறம்தான். 1967 முதல் 73 வரை சாக்ஸஃபோன் கலைஞர் யான் கார்பாரெக்கின் குழுவில் இருந்தார். 1970இல் ஓஸ்லோவில் அவர்கள் பதிவு செய்த 'ஆஃப்ரிக் பெப்பர்பேர்ட்', இசிஎம் என்ற ஜெர்மன் இசைத்தட்டு நிறுவனத்தின் ஆரம்பகால ஆல்பங்களில் ஒன்று. அதன் தயாரிப்பாளர் மான்ஃப்ரெட் ஐஷரும் ஒரு காலத்தில் பேஸ் வாசித்தவர்தான். பேஸ் அமுங்கிப் போகாமல் பார்த்துக்கொள்ள அதைவிடத் தோதான ஆள் கிடைப்பாரா!

பேஸ்காரருக்குப் பிழைப்பே அடுத்தவர் கூப்பிடுவதில்தான் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து பெரிய கலைஞர்கள் பெரும்பாலும் தனியாக வந்து இறங்குவார்கள், உடன் வாசிக்க உள்ளூர் ஆட்கள் வேண்டும். 1971இல் நார்வேயின் கோங்ஸ்பெர்க் ஜாஸ் விழாவுக்கு அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் சோனி ரோலின்ஸ் வந்தபோது பின்னால் நின்று வாசித்தவர் இவர். ரோலின்ஸ் ஒரு பாட்டை எங்கே திருப்புவார், எப்போது முடிப்பார் என்று யாருக்கும் தெரியாது. தடுமாறாமல் கூடவே போக வேண்டும். அங்கே நின்று காட்டியவனை அடுத்த ஆளும் கூப்பிடுவான்.

ஆனால் கூப்பிட்டால் போவது மட்டும் என்றால் நான் இவரைப் பற்றிப் பேசியிருக்கவே மாட்டேன். சொந்தக் குழுக்களுக்கு இவரே பாட்டு எழுதினார். 80களில் டிரம்மர் யோன் கிறிஸ்டென்சனோடு சேர்ந்து நடத்திய 'மஸ்குவாலேரோ' குழு நார்வேயின் ஸ்பெல்லமன் இசை விருதை மூன்று முறை வாங்கியது. பிற்பாடு பெரிய பெயர் எடுத்த டிரம்பெட்காரர் நில்ஸ் பெட்டர் மோல்வேர் அதில் வாசித்த பையன்தான். 1990இல் 'சாக்ன்' என்ற படைப்பு: கிர்ஸ்டன் புரோட்டன் பெர்க் என்ற நார்வே பாடகி பாடும் நாட்டுப்பாடல்களை ஜாஸுக்குள் கொண்டுவந்தார். எனக்கு அவர் செய்ததிலேயே இதுதான் உசத்தி.

மேடையில் இன்னொரு வேலையும் செய்வார். வில்லால் ஒரு நீண்ட சுரத்தை இழுப்பார். காலடியில் இருக்கும் கருவி அதைப் பிடித்து வைத்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும். அதன் மேல் இன்னொரு அடுக்கு, அப்புறம் விரலால் மெட்டு. கண்ணை மூடினால் நாலைந்து பேர் வாசிப்பது போல இருக்கும், திறந்தால் ஒரே ஆள்.

எங்கே தொடங்கலாம் என்றால், 2008இல் வந்த 'லைவ் அட் பெல்வில்' ஆல்பம். சாக்ஸஃபோனில் டாமி ஸ்மித், டிரம்ஸில் பாவ்லோ வினாச்சியா, மொத்தமே மூன்று பேர். பியானோ கிடையாது, அதனால் பேஸுக்கு ஒளிய இடமில்லை. தயவுசெய்து ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள்.