குறைந்தது தொற்றா, பரிசோதனையா?

அவையோருக்கு வணக்கம்.

புதிதாகக் கண்டறியப்பட்ட எச்.ஐ.வி. தொற்று ஒரே ஆண்டில் 17 சதவீதம் குறைந்தது என்று செய்தி வந்தால், தடுப்புப் பணி பலித்துவிட்டது என்றுதானே நினைப்போம்? அமெரிக்காவில் 2019-க்கும் 2020-க்கும் இடையே எண்ணிக்கை அப்படித்தான் விழுந்தது. 2021-இல் 18 சதவீதம் ஏறி, ஏறக்குறையப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. வைரஸ் ஒன்றும் ஓராண்டு விடுப்பில் போகவில்லை. ஊரடங்கில் பழக்கவழக்கங்கள் கொஞ்சம் மாறியிருக்கலாம். ஆனால் பெரிய காரணம், சோதனைக்கு ஆள் வராததுதான். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2020-ஆம் ஆண்டுக் கணக்கை எச்சரிக்கையோடு படிக்கச் சொல்கிறது.

பெருந்தொற்றுக் காலத்தில் எங்கே அடி விழுகிறது என்பதைத் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணம் காட்டியது. அங்கே 65 மருத்துவ நிலையங்களின் கணக்கை ஆராய்ந்தார்கள். 2020 ஏப்ரலில், ஊரடங்கு தொடங்கியதும், எச்.ஐ.வி. சோதனை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தைப் புதிதாகத் தொடங்குவோரும் அதே அளவுக்குக் குறைந்தார்கள். ஆனால் ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் வந்து வாங்கிப் போவது பெரிதாகக் குறையவில்லை. உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். வாசலுக்கு வர வேண்டியவர்கள்தான் விடுபட்டார்கள்.

ஆய்வகத்திலும் நெருக்கடி உண்டு. ரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்க்கும் பிசிஆர் இயந்திரங்கள் பலவற்றில் கொரோனா சோதனையும் செய்யலாம். இயந்திரம் ஒன்று, ஆட்களும் அவர்களே. அவசரம் எதுவோ அதற்கே முதலிடம். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை தள்ளிப்போகும்.

இப்போது கணக்குக்கு வருவோம். எண்கள் கற்பனைதான். ஓராண்டில் 1,00,000 சோதனை, 1,000 பாசிட்டிவ்: 1 சதவீதம். மறு ஆண்டு 60,000 சோதனை, 780 பாசிட்டிவ்: 1.3 சதவீதம். ஒரு பத்திரிகை ‘தொற்று 22 சதவீதம் சரிவு’ என்று போடும். இன்னொன்று ‘பாசிட்டிவ் விகிதம் உயர்வு’ என்று போடும். இரண்டு எண்ணும் சரி, இரண்டு முடிவும் தவறு! வழக்கமான சோதனைக்கு வரும் ஆபத்து குறைந்த கூட்டம் நின்றுபோய், அறிகுறியோ சந்தேகமோ உள்ளவர்கள் மட்டும் வந்தால் விகிதம் தானாகவே ஏறும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கண்டறியப்படும்போது சிடி4 எண்ணிக்கை, அதாவது எச்.ஐ.வி. தாக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் எத்தனை, என்று பாருங்கள். 350-க்குக் கீழே என்றால் தாமதமான கண்டுபிடிப்பு. 200-க்குக் கீழே என்றால் எய்ட்ஸ் நிலை. பெருந்தொற்றுக்குப் பிந்திய ஆண்டுகளில் இப்படித் தாமதமாகக் கண்டறியப்படுவோரின் பங்கு கூடினால், நடுவில் தவறவிட்டவர்கள் இப்போதுதான் வந்து சேர்கிறார்கள் என்று அர்த்தம். இதற்கிடையில் தெரியாமலே பிறருக்குப் பரவியிருக்கவும் கூடும். மருந்து எடுத்து வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கியவரிடமிருந்து உடலுறவின் மூலம் தொற்று பரவாது. அந்தப் பயனும் அத்தனை மாதம் கிடைக்காமல் போனது.

வாசல் மூடினால் மாற்று வழி சுயபரிசோதனைக் கருவி. உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே இதைப் பரிந்துரைத்தது. ஈறில் தடவிப் பார்க்கும் கருவி என்றால், மேல் ஈறில் ஒரு முறை, கீழ் ஈறில் ஒரு முறை தடவினால் போதும். பரபரவென்று தேய்க்க வேண்டாம். பரவலாகப் பயன்படும் கருவியில் முடிவை 20 நிமிடத்துக்கு முன்பும் படிக்கக் கூடாது, 40 நிமிடம் தாண்டியும் படிக்கக் கூடாது. மற்றக் கருவிகளில் நேரம் வேறாக இருக்கலாம், உறையில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடு (பாசிட்டிவ்) வந்தால் அது இறுதி முடிவல்ல, ஆய்வகத்தில் உறுதிசெய்ய வேண்டும். ஒரு கோடு (நெகட்டிவ்) வந்தாலும், ஆபத்தான தொடர்பு நடந்து மூன்று மாதம் ஆகாவிட்டால் நிம்மதி அடைய முடியாது. கருவி தேடுவது எதிரணுக்களை, அதாவது தொற்றை எதிர்த்து உடல் உருவாக்கும் புரதங்களை; அவை உருவாக அவ்வளவு காலம் பிடிக்கலாம். தொடர்பு நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால், கருவியைத் தேடாமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டும். 28 நாள் தடுப்பு மருந்தை அந்த நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

இன்னொரு சிக்கல்: வீட்டில் செய்த சோதனை அரசுக் கணக்கில் தானாக ஏறாது. கருவிகளை விநியோகிக்கும் நாடு, எத்தனை கொடுத்தோம், உறுதிசெய்ய எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் மருந்து தொடங்கினார்கள் என்ற மூன்றையும் தனியே குறித்துவைக்க வேண்டும். வைக்காவிட்டால் அடுத்த ஆண்டும் இதே குழப்பம்தான்.