கடைத் தேங்காய்

நடுவர் அவர்களே, "கிறுக்கு ஜாக்கை ஊர் நினைக்க வேண்டியது அவர் கொடுத்த கொடைக்காகவா, அந்தப் பணம் வந்த வழிக்காகவா?" என்ற தலைப்பில், வந்த வழிக்காகத்தான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி அக்கா பேசியதைக் கேட்டு எனக்கே கண் கலங்கிவிட்டது. கிறுக்கு ஜாக் 1757-இல் பிறந்தவர், இங்கிலாந்தின் சசெக்ஸில் பிரைட்லிங் என்ற ஊரின் பண்ணையார், எம்.பி.யாக இருந்தவர், உண்மைப் பெயர் ஜான் ஃபுல்லர். இடிபட இருந்த போடியம் கோட்டையை 1828-இல் வாங்கிக் காப்பாற்றினார், லண்டனின் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் அவர் காசில் உண்டான வேதியியல் பேராசிரியர் பதவியில் முதலில் உட்கார்ந்தவரே விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே. எல்லாம் உண்மை.

ஆனால் அக்கா, காசு ஏது? 1777-இல் பெரியப்பா ரோஸ் ஃபுல்லர் இறந்ததும், 20 வயதுப் பையன் கைக்கு சசெக்ஸ் நிலத்தோடு ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களும் அங்கே உழைத்த அடிமைகளும் சேர்ந்தே வந்தார்கள். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தால் புண்ணியம் யாருக்கு?

"அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தானே" என்பீர்கள். எல்லாருமா? அவர் இருந்த அதே சபையில் அடிமை வியாபாரத்தை எதிர்த்த எம்.பி. வில்பர்ஃபோர்ஸ் வருஷக்கணக்காகத் தொண்டை வறளப் பேசி, 1807-இல் அடிமை வியாபாரத்துக்குத் தடைச் சட்டமே வந்தது. நம் ஆள் நின்றது எதிர்ப்பக்கம். 1810-இல் போதையில் சபாநாயகரையே திட்டி வெளியேற்றப்பட்டார், அதை மட்டும் எல்லாரும் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார்கள்.

அப்புறம் அக்கா சொன்ன அந்தக் கோபுரம். பக்கத்து ஊரான டாலிங்டன் தேவாலயத்தின் கூர்முனை என் வீட்டிலிருந்தே தெரியும் என்று எங்கேயோ பந்தயம் கட்டிவிட்டு, ஊருக்கு வந்து பார்த்தால் தெரியவில்லையாம், அதே மாதிரி ஒன்றை அவசர அவசரமாகக் கட்டிவிட்டாராம். அரங்கமே கைதட்டியது. கோபுரத்தின் பெயரை மட்டும் அக்கா விட்டுவிட்டார். 'சுகர் லோஃப்'. அன்றைக்குச் சர்க்கரை கூம்பு அச்சில் இறுகி, கல் மாதிரி கெட்டியாகத்தான் கடைக்கு வரும், வீட்டில் இடுக்கியால் நறுக்கிக்கொள்வார்கள். அச்சு அசல் அந்த வடிவத்தில் சுமார் 35 அடி உயரத்துக்கு நிற்கிறது. வடிவத்துக்காக வந்த பெயர்தான், சரி. ஆனாலும் சர்க்கரைக் காசில் வாழ்ந்தவர் கட்டியதும் கல்லால் ஒரு சர்க்கரைக் கட்டி! அதைக் கிறுக்குத்தனம் என்கிறீர்கள், எனக்கு ரசீது மாதிரி தெரிகிறது.

1811-லேயே தனக்காகக் கட்டிவைத்த பிரமிடு வடிவக் கல்லறைக்கு 1834 ஏப்ரலில் போய்ச் சேர்ந்தார். அடிமை ஒழிப்புச் சட்டம் ஜமைக்காவில் நடைமுறைக்கு வந்தது அதே வருஷம் ஆகஸ்ட் 1-இல். மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, உட்காருகிறேன்.