மிசௌரியில் ஏறிய கப்பல்

வணக்கம் நேயர்களே. 1832 மார்ச் மாதம், அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் துறையிலிருந்து 'யெல்லோ ஸ்டோன்' என்ற நீராவிக் கப்பல் மிசௌரி ஆற்றை எதிர்த்துக் கிளம்பியது. நீளம் 120 அடி. உரிமையாளர் விலங்குத் தோல் வியாபாரம் செய்த அமெரிக்கன் ஃபர் கம்பெனி. போக வேண்டியது சுமார் 3000 கிலோமீட்டர் தள்ளியிருந்த யூனியன் கோட்டை என்ற வியாபார நிலையத்துக்கு.

அதுவரை பெரும்பாலும் அந்த ஆற்றில் சரக்கு மேலேற வேண்டுமென்றால், ஆட்கள் கரையில் நடந்தபடி படகைக் கயிறு கட்டி இழுப்பார்கள். ஒரு பருவமே அதில் போய்விடும். பீவர் என்ற ஆற்றோர விலங்கின் தோலுக்கு அது சரி, எடை குறைவு, விலை அதிகம். காட்டெருமைத் தோலோ பெரும் சுமை. அந்த வியாபாரம் வளர்ந்து வந்ததால் நீராவி கட்டுப்படியானது. ஆனாலும் கப்பல் நாள்தோறும் விறகைத் தின்றது, மணல்திட்டுகளில் சிக்கியது. அந்தப் பயணத்திலும் தண்ணீர் போதாமல் நின்றுவிட, சிலர் இறங்கித் தரைவழியே நடந்தார்கள். அவர்களில் ஒருவர் ஓவியர் ஜார்ஜ் கேட்லின்.

எனக்குத் தோல்களைவிட இந்தப் பயணிகள்தான் சுவாரசியம். முக்கியமாக வி-ஜுன்-ஜோன் என்ற, அசினிபாயின் பழங்குடி வீரர். முந்தைய ஆண்டு அவரை வாஷிங்டனுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். போகிற வழியில் வெள்ளையர் வீடுகளை எண்ணுவதற்காகப் புகைக்குழலில் கோடு கீறிக்கொண்டே வந்தாராம். இடம் தீர்ந்ததும் குச்சிகளில் கீறினாராம். கடைசியில் அலுத்துப்போய் அவற்றை ஆற்றில் வீசிவிட்டாராம். இது கேட்லின் எழுதியிருப்பது. திரும்பும்போது உடம்பில் ராணுவ உடுப்பு, கையில் குடையும் விசிறியும், தலையில் பீவர் தொப்பி. அவர்கள் பக்கத்து ஆறுகளில் பிடித்ததே தொப்பியாகித் திரும்பியதோ என்னவோ!

ஊரில் அவர் சொன்ன நகரக் கதைகளை யாரும் நம்பவில்லை. முதலில் பொய்யன் என்றார்கள், அப்புறம் மந்திரவாதி என்று பயந்தார்கள், கடைசியில் கொன்றேவிட்டார்கள். போனபோது இருந்த கோலத்தையும் வந்தபோது இருந்த கோலத்தையும் கேட்லின் ஒரே ஓவியத்தில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்துவைத்திருக்கிறார்.

1833இல் இதே கப்பலில் ஜெர்மானிய இளவரசர் மாக்சிமிலியனும் ஓவியர் கார்ல் போட்மரும் ஏறினார்கள். மிசௌரிக் கரையில் வாழ்ந்த மாண்டன் பழங்குடி மக்களின் தலைவர் மாட்டோ-டோப்பேயைக் கேட்லினும் வரைந்தார், போட்மரும் வரைந்தார். 1837இல் கம்பெனிச் சரக்கோடு வந்த 'செயிண்ட் பீட்டர்ஸ்' என்ற இன்னொரு கப்பலில் பெரியம்மையும் வந்தது. சில மாதங்களில் மாண்டன்களில் பெரும்பாலோர் இறந்துபோனார்கள், மாட்டோ-டோப்பே உட்பட.