பாவு ஏற்றிய தறியோடு வாருங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

கைநெசவாளர்களின் வட்டார மாநாடு என்றதும் கண்காட்சியும் நூல் கடைகளும் மேடையில் உடை அணிவகுப்பும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அடுத்த மாநாடு வரை நெசவாளர்களைச் சேர்த்துப் பிடித்து வைப்பது அவையல்ல. ஒருவர் பாவு, அதாவது நீளவாட்டு இழைகளை, ஏற்றிய தறியில் இன்னொருவர் உட்கார்ந்து நெய்கிறாரே, அந்த வகுப்புதான் அதைச் செய்கிறது.

தனித்தனி வீடுகளில் தனித்தறி வைத்து நெய்கிறவர்களுக்குப் பக்கத்துத் தறி எப்படி நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. அந்தக் குறைதான் சங்கங்களை உருவாக்கியது. பிரிட்டனில் நெசவாளர், நூற்போர், சாயமிடுவோர் சங்கங்களின் கூட்டமைப்பு 1955-இல் தொடங்கியது. அமெரிக்காவில் கைநெசவாளர் சங்கம் 1969-இல் தோன்றியது. அதன் 'கன்வர்ஜென்ஸ்' மாநாடு 1972-இல் டெட்ராய்டில் முதன்முதலாகக் கூடியது. வட்டார மாநாடுகள் இவற்றைவிடச் சிறியவை. அதனாலேயே தறியைக் கொண்டுவந்து இறக்கி நெய்ய அவை வசதியானவை.

சரி, அந்த வகுப்பின் கணக்குக்கு வருவோம். 12 பேர், 12 தறிகள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு நெசவு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு தறியிலும் ஒரு மாதிரித் துண்டு நெய்ய வேண்டும். துண்டு 12 செ.மீ., வெட்டுவதற்கு இடைவெளி 3 செ.மீ., ஆக ஆளுக்கு 15. ஆசிரியருக்கு ஒரு துண்டு, தவறினால் ஈடுகட்ட ஒன்று. 14 துண்டுக்கு 210 செ.மீ. நெய்யும்போது சுருங்குவதற்குப் பத்தில் ஒரு பங்கு, 21. தறியின் முன்னும் பின்னும் நெய்ய முடியாமல் நிற்கும் பாவு 75. மொத்தம் 306, நீங்கள் 3.1 மீட்டர் ஓட்டுங்கள். அகலம் 20 செ.மீ., செ.மீ.க்கு 8 இழை என்றால் 160 இழை. பாவுக்கு மட்டும் ஏறக்குறைய 500 மீட்டர் நூல் போகும். குறுக்கே ஓடும் ஊடை நூல் தனி. பலர் சுருக்கத்தை மறந்துவிடுகிறார்கள். மறந்தால், பதினொன்றாவது ஆள் உட்காரும்போது பாவு உருளையின் கட்டைக் கம்பு, இழைகளைத் தூக்கும் சட்டங்களுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

நேரக் கணக்கு இதைவிடக் கறாரானது. இரண்டு நாள், நாளுக்கு 6 மணி நேரம் என்றால் ஒரு தறிக்கு ஒரு மணி நேரம்தான். ஒருவர் தாமதித்தால் அடுத்தவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆகவே 12 தறி இருந்தால் 11 பேரை மட்டும் சேருங்கள். எப்போதும் ஒரு தறி காலியாக இருக்கும்; வேகமாக முடித்தவர் அங்கே போவார், மெதுவாக நெய்கிறவர் பதறாமல் முடிப்பார். ஒரு ஆளின் கட்டணம் போகிறதே என்று பொருளாளர் கேட்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

தறியோடு வருகிறவர்களுக்கு ஒன்று. வீட்டிலேயே சோதித்துவிட்டு வாருங்கள், ஆனால் சாதா நெசவில் சோதிக்காதீர்கள். நான்கு சட்டத்தில் 1, 2, 3, 4 என்று விழுதில் (சட்டத்தில் தொங்கும், இழை நுழையும் கண்) கோர்க்க வேண்டியதை ஓரிடத்தில் 1, 4, 3, 2 என்று கோர்த்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சாதா நெசவில் ஒற்றைச் சட்டங்கள் ஒரு மிதி, இரட்டைச் சட்டங்கள் ஒரு மிதி. 2-உம் 4-உம் சேர்ந்தே எழும்புவதால் துணி அப்பழுக்கில்லாமல் வரும். சாய்வரி நெசவு போட்டால்தான் அந்த இடத்தில் வரி உடைவது தெரியும். வீட்டில் கண்டுபிடித்தால் அந்த இரண்டு இழையை மட்டும் உருவி, விழுதுக் கண்ணை மாற்றிக் கோர்த்து, சீப்புப் போன்ற அச்சின் அதே பல்லில் போட்டுக் கட்டிவிடலாம். புது விழுதுகூட வேண்டாம், பத்து நிமிட வேலை. கண்டுபிடிக்காவிட்டால் 11 பேரும் அதே பிழையை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

தறியை வண்டியில் ஏற்றும்போது பாவை விறைப்பாக வைக்காதீர்கள், முழுதாகத் தளர்த்தவும் வேண்டாம். முழுதாகத் தளர்ந்தால் உருளையில் சுற்றிய அடுக்குகள் வழுக்கி, ஓர இழைகள் தொய்ந்துவிடும். அச்சைத் தறியின் சட்டகத்தோடு கட்டுங்கள். இழை வரிசை பிறழாமல் இருக்கச் செருகிய இரண்டு கோல்களின் முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள்.

இனிக் குறிப்புத்தாள். நெசவு வரைபடத்தில் புள்ளி வைத்தால் சட்டம் மேலே போகிறதா கீழே போகிறதா என்பதை எழுதியே ஆக வேண்டும். சில தறிகளில் மிதித்தால் சட்டம் எழும்பும், சிலவற்றில் இறங்கும். எழுதாமல் விட்டால் துணியின் மேல்பக்கம் அடியில் விழும். நெய்கிறவர் தன் மேல்தான் தவறு என்று நினைத்து அவிழ்த்துக்கொண்டிருப்பார். அப்போது செய்ய வேண்டியது, புள்ளியிட்ட கட்டங்களை விட்டுவிட்டு வெற்றுக் கட்டங்களின்படி மிதியைக் கட்டுவதுதான்.

நூல் எண்ணிலும் இதே குழப்பம் உண்டு. பருத்தி முறையில் 8 நம்பர் இரட்டை முறுக்கு கிலோவுக்கு ஏறக்குறைய 6,770 மீட்டர் ஓடும். மெட்ரிக் முறையில் அதே எண் 4,000 மீட்டர்தான். தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்! நம்பரை மட்டும் நம்பி வாங்கியவருக்கு அதே அச்சில் பாவு நெருக்கி அடைக்கும். கிலோவுக்கு எத்தனை மீட்டர் என்று எழுதிவிடுங்கள். எந்த ஊர்க்காரருக்கும் புரியும்.

நெய்தவர் பெயரையும், செ.மீ.க்கு எத்தனை ஊடை விழுந்தது என்பதையும் ஒவ்வொரு துண்டிலும் உடனே சீட்டாகக் கட்டுங்கள். ஒரே பாவு, ஒரே நூல், ஒரே மிதி. ஆனால் ஒருவர் கை 6 ஊடை அடிக்கும், இன்னொருவர் கை 9 அடிக்கும். துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, அடியின் கனம் துணியை என்ன செய்கிறது என்று எந்த விரிவுரையும் இல்லாமலே விளங்கும்.

வெட்டும் வேலையை வீட்டுக்கு ஒத்திப்போடாதீர்கள். வீட்டில் வெட்டித் தபாலில் அனுப்புகிறேன் என்று சொல்லிப் போகும் பாவு, பல மாதம் உருளையிலேயே கிடக்கும். நெய்யும் 12 மணி நேரம் போகக் கடைசியில் ஒன்றரை மணி நேரத்தை ஒதுக்கி, இரண்டு தையல் மெஷின்கள் வையுங்கள். 3 செ.மீ. இடைவெளியின் இரு ஓரத்திலும் வளைதையல் ஓட்டிவிட்டு நடுவில் வெட்ட வேண்டும். தைக்கும் முன் கத்தரி வைத்தால், சீட்டுக் கட்டும் நேரத்துக்குள் ஓர ஊடை நான்கைந்து உதிர்ந்துவிடும்.