ஒரு மூட்டை யூரியாவுக்கு எத்தனை மூட்டை கூட்டெரு? 2021இல் காதில் விழாத கணக்கு

[காட்சி: கந்தளாய்க் குளத்தின் கீழுள்ள வயல்வெளி, அறுவடை முடிந்த மறுநாள்]

வணக்கம். ஐம்பது கிலோ யூரியா மூட்டை ஒன்றைத் தவிர்த்துவிட்டு, அதிலுள்ள நைதரசன் முழுவதையும் கூட்டெருவால் கொடுக்க வேண்டுமென்றால் எத்தனை மூட்டை தேவைப்படும் என்பதை, வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு முறை ஊகித்துப் பாருங்கள். ஐந்து, பத்து என்று நினைத்தவர்கள் சற்றுப் பொறுத்திருங்கள்.

முதலில் பின்னணியை விரைவாகக் கடந்துவிடுவோம். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை நம்பியிருக்காமல், பயிர், மரம், சாணம், அவற்றின் எச்சங்கள் ஆகியவற்றிலிருந்தே உணவையும் எரிபொருளையும் பசளையையும் பெறும் ஏற்பாட்டையே உயிரியல் பொருளாதாரம் என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இதற்கென 2012இல் ஒரு மூலோபாயத்தை வெளியிட்டு, 2018இல் அதைப் புதுப்பித்தது. இலங்கையில் நாமோ 2021 மே மாதம் ஒரே வர்த்தமானி அறிவித்தலால் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினோம். பத்து ஆண்டுகளில் செய்து முடிப்பதாக 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் சொல்லப்பட்ட மாற்றம் அது. நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது பெரும்போகம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. 2021இல் ஏறத்தாழ 51 இலட்சம் தொன்னாக இருந்த நாட்டின் நெல் உற்பத்தி, அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 34 இலட்சம் தொன்னாகச் சரிந்தது. 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டுக்கும் அதில் பங்குண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

[திரையில்: 46]

இப்போது விடைக்கு வருவோம். யூரியாவின் எடையில் 46 சதவீதம் நைதரசன். கூட்டெருவில் அது ஒரு சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மூட்டைக்கு ஈடாக அதே எடையுள்ள நாற்பத்தாறு மூட்டை வேண்டும். நீர்ப்பாசன நெல்லுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டு மூட்டை யூரியா இடுவது வழக்கமென்பதால், தம்பலகாமத்தில் ஐந்து ஏக்கர் வேளாண்மை செய்பவர் ஒருவர் ஒரு போகத்துக்கு 460 மூட்டை, அதாவது 23 தொன் கூட்டெருவைத் தேட வேண்டியிருக்கும். அதைத் தேடி, ஏற்றி, இறக்கி, வரம்பு வழியே சுமந்து, விதைப்புக்கு முன் பரப்பியும் முடிக்க வேண்டும். அமைச்சு அறைகளில் இந்தக் கணக்கைப் போட்டவர்களின் முதுகு வலிக்கவில்லை; வலித்திருந்தால் அந்த வர்த்தமானி இன்னும் கொஞ்சம் மெதுவாக அச்சாகியிருக்கும்.

இது யூரியாவுக்குச் சாதகமான கணக்கு என்று சிலர் கருத்துப் பகுதியில் எழுதுவீர்கள், அது நியாயமே. நெல் வயலில் இடும் யூரியாவின் நைதரசனில் பாதிக்கும் குறைவானதே பயிருக்குப் போய்ச் சேர்கிறது. மிகுதி அமோனியாவாகக் காற்றிலும் நீரோடும் போய்விடுகிறது. ஆனால் கூட்டெருவும் தன்னிடமுள்ளதை முதல் போகத்திலேயே முழுவதும் கொடுத்துவிடுவதில்லை; பல போகங்களில் சிறிது சிறிதாகவே விடுவிக்கும். ஆகவே சேதன விவசாயம் தவறு என்று 2021 நிரூபித்ததாக நான் கருதவில்லை. சேதனப் பொருளைத் திரட்டுவதற்கு முன் மற்றதை நிறுத்தியதே தவறு.

அந்தப் பொருள் திருகோணமலையில் இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் என்பதே எனக்கு மிகவும் பிடித்த சிக்கல். உமியை எடுத்துக்கொள்ளுங்கள்: நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அது, ஆனால் நெல் அவிக்கும் ஆலைக்காரர் அதை அடுப்புக்கு வைத்துக்கொள்கிறார். வேலிகளில் வளரும் கிளிசரியா மரம் தன் வேரில் நைதரசனை நிலைநிறுத்துகிறது. 2005இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அது அறிவிக்கப்பட்டது. திருகோணமலையில் டோக்கியோ சீமெந்து நிறுவனம் நடத்தும் 10 மெகாவாட் உயிர்த்திணிவு மின்நிலையம் அதன் விறகை எரிக்கிறது. இங்கு மட்டும் சண்டை இல்லை. தடி கொதிகலனுக்கும் இலை வயலுக்கும் போகலாம். ஆட்டுக்காரருக்கும் ஒரு பிடி மிஞ்சும். இத்தகைய பங்கீட்டையே நான் உண்மையான உயிரியல் பொருளாதாரம் என்பேன்.

[காட்சி: எரியும் வைக்கோல், தொலைவில் எருமைகள்]

வைக்கோலின் நிலைமைதான் மோசம். ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ வரை நைதரசனும் 12 முதல் 17 கிலோ வரை பொற்றாசியமும் உண்டு. அறுவடை இயந்திரம் அதை வயலெங்கும் சிதறிவிட்டுப் போன பின், அடுத்த உழவுக்கு வசதியாகப் பலர் தீ வைக்கிறார்கள். நைதரசன் அநேகமாக முழுவதும் புகையாகிறது. மறுபுறம், கிண்ணியாவிலும் மூதூரிலும் தயிருக்காக எருமை வளர்ப்பவர்கள் வரட்சிக் காலத்தில் தீவனத்துக்கு அலைகிறார்கள்.

சரி, எரிக்காமல் புதைத்துவிடலாமே என்றால், அதற்கும் ஒரு தடை உண்டு. உழுது புதைத்த உடனே தண்ணீர் கட்டி விதைத்தால், வைக்கோலை உக்க வைக்கும் நுண்ணுயிர்கள் கலியாண வீட்டில் முதற்பந்திக்கு முந்துபவர்களைப் போல மண்ணிலுள்ள நைதரசனை முதலில் உண்டுவிட, நாற்று மஞ்சளாகிறது. நீர் நின்ற வயலில் மெத்தேன் வாயுவும் கூடும். வைக்கோல் ஈர மண்ணில் சில வாரங்கள் உக்குவதற்கு அவகாசம் வேண்டும். பெப்ரவரி, மார்ச்சில் அறுவடை முடிந்து, சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கும் வரையிலான இடைவெளியில்தான் அது நடந்தாக வேண்டும்.

ஆகவே என் யோசனை மிகச் சிறியது. தண்ணீர் திறக்கும் நாளை விவசாயிகளும் அதிகாரிகளும் சேர்ந்து முடிவு செய்யும் போக ஆரம்பக் கூட்டத்தில், எருமைக்காரர்கள் வைக்கோலை ஏற்றி முடிக்க வேண்டிய நாளையும், மிஞ்சியதைப் புதைக்க வேண்டிய நாளையும் சேர்த்தே குறிக்கலாம். பசளை மானியத்தில் ஒரு சிறு பகுதியை வைக்கோலை எரிக்காத வயற் கண்டங்களுக்கு ஒதுக்கலாம். யூரியாவை ஒரே நாளில் நிறுத்தாமல், மண் பரிசோதனை காட்டும் அளவுக்கு மட்டும் போகத்துக்குப் போகம் குறைக்கலாம்.

அல்லைப் பக்கமோ கந்தளாய்ப் பக்கமோ வேளாண்மை செய்பவர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் கண்டத்து வைக்கோல் இப்போது யாருக்குப் போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். நாற்பத்தாறு என்று முதலிலேயே சரியாக ஊகித்தவர்களும் எழுதலாம். நம்புவதா இல்லையா என்பதை நான் முடிவு செய்துகொள்கிறேன்.