குதிகாலின் சத்தம்

நேயர்களுக்கு வணக்கம். உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எனக்காக ஒரு காரியம் செய்யுங்கள். வானொலியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, வெறுங்காலோடு எழுந்து பத்தடி நடந்து பாருங்கள். அணைத்துவிட வேண்டாம், குறைத்தால் போதும்! தரையில் தொம் தொம் என்று கேட்கிறதா? அப்படியானால் உங்களுக்கும் என் வியாதிதான்.

நான் வருவது வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடும். மேசை மேல் டம்ளரில் இருக்கும் தண்ணீர் ஆடுகிறது என்று பேத்தி கிண்டல் செய்வாள். நான் ஒல்லியான ஆள்தான். குதிகாலைத் தரையில் குத்திக் குத்தி நடக்கிற பழக்கம், அவ்வளவே. பிறவி நடை என்று நினைத்திருந்தேன். வெறுங்கால் ஷூ வாங்கி மாட்டிய அன்றுதான், இது மெத்தை வைத்த ஷூக்கள் பழக்கிவிட்ட நடையோ என்று சந்தேகம் வந்தது.

வெறுங்கால் ஷூ என்றால் என்ன? காலில் ஒன்றும் இல்லாதது போல நடக்கவிடும் ஷூ. அடிப்பகுதி சில மில்லிமீட்டர்தான் இருக்கும். கையில் எடுத்துச் சுருட்டினால் பாய் மாதிரி சுருளும். சாதாரண ஓட்டப் ஷூக்கள் பலவற்றில் குதிகால் பக்கம், முன்பக்கத்தைவிட 10 மில்லிமீட்டர் அளவுக்கு உயர்ந்திருக்கும். இதில் இரண்டும் ஒரே மட்டம். முன்பக்கம் வாத்தின் அலகு மாதிரி அகலமாக இருக்கும். அழகு என்று சொல்ல மாட்டேன்.

சரி, அந்த முதல் நாளுக்கு வருகிறேன். வழக்கம் போல வீச்சாக ஒரு எட்டு வைத்தேன். குதிகால் தரையில் இறங்கிய அதிர்ச்சி நேராகப் பல் வரைக்கும் ஏறியது. இன்னொரு எட்டு, இன்னொரு குத்து. கால் கிலோமீட்டர் போவதற்குள், யாரும் சொல்லாமலே என் எட்டுகள் சின்னதாகிவிட்டன. பாதம் உடம்புக்கு நேர் கீழே, மெதுவாக இறங்கியது. தரையில் கிடந்த ஒரு சரளைக்கல்லை உள்ளங்கால் கண்டுபிடித்து, எடையை அதுவாகவே ஓரத்துக்கு மாற்றிக்கொண்டது. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. என் கால் எலும்புகள் அன்றுதான் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன என்று தோன்றியது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லிபர்மன் குழுவினர் 2010இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெறுங்காலில் ஓடிப் பழகியவர்களில் பலர் முன்பாதத்தை முதலில் ஊன்றுகிறார்கள். மெத்தை ஷூ போட்டு ஓடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் குதிகாலை ஊன்றுகிறார்கள். கீழே மெத்தை இருந்தால் குத்துவது நமக்கு வலிப்பதில்லை. வலிக்காவிட்டால் குத்திக்கொண்டே இருப்போம். என் கதையும் அதுதானே?

இந்த உற்சாகத்தில் நான் அன்றைக்கே நான்கு கிலோமீட்டர் நடந்துவிட்டேன். மறுநாள் காலை மாடிப்படி இறங்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிக் கிடந்தன. பல வருஷமாகக் குதிகால் உயர்ந்த ஷூவில் சுகமாகச் சுருங்கிக் கிடந்த தசை, ஒரே நாளில் முழு நீளத்துக்கு இழுபட்டால் என்ன செய்யும்? அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், முதல் வாரம் வீட்டுக்குள் பதினைந்து நிமிஷம் போதும். பதினைந்து நிமிஷம். பத்து வாரத்தில் வெறுங்கால் ஷூவுக்கு மாறிய ஓட்டக்காரர்கள் பலரின் பாத எலும்புக்குள் நீர்கோத்த வீக்கம் இருந்ததை 2013இல் வந்த ஓர் ஆய்வு ஸ்கேன் எடுத்தே காட்டியிருக்கிறது.

இந்த இடத்தில் யாராவது எத்தியோப்பியாவின் அபேபே பிகிலாவை இழுப்பார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் மாரத்தானை வெறுங்காலில் ஓடி ஜெயித்தவர். உண்மைதான். ஆனால் அவர் வெறுங்காலில் ஓடிப் பழகியவர். அப்புறம், கதையின் பின்பாதியை யாரும் சொல்வதில்லை. 1964இல் டோக்கியோவில் மறுபடி ஜெயித்தாரே, அப்போது காலில் ஷூ இருந்தது. நேரமும் முந்தியதைவிடக் குறைவு!

இன்னொரு விஷயம், விரல்கள். ஒரு காகிதத்தின் மேல் எழுந்து நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். அதன் மேல் உங்கள் பழைய ஷூவை வையுங்கள். பெரும்பாலும் சுண்டுவிரல் கோடு ஷூவுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். அவ்வளவு காலமும் அந்த விரல் எங்கே இருந்தது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். சுற்றுச்சூழல் பற்றிப் பேசத்தான் இரண்டு பக்கம் எழுதி வந்தேன், வேகமாகச் சொல்கிறேன். ஒரு ஜோடி ஓட்டப் ஷூ உருவாகி முடிய ஏறக்குறைய 14 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் கணக்கிட்டார்கள். அதில் பெரும்பகுதி தொழிற்சாலையிலேயே நடப்பது. வெறுங்கால் ஷூவில் அந்தத் தடித்த நுரை மெத்தை இல்லை. பொருளும் பாகங்களும் குறைவு. தக்கை, இயற்கை ரப்பர், நார்த்துணி என்று எழுதியிருந்தால் சந்தோஷம், ஆனால் எந்தப் பாகம், எத்தனை சதவீதம், எந்தப் பசை என்று கேளுங்கள். அடிப்பகுதி தேய்ந்தால் மாற்றித் தருவீர்களா என்றும் கேளுங்கள். என்னுடையது ஒரு வருஷத்தில் முன்பக்கம் தேய்ந்தது. பசை வைத்து ஒட்டியதைப் பிரிக்க முடியாது என்றார்கள். ஆர்மீனியாவில் ஒரு குகையில் கிடைத்த 5,500 வருஷத்துத் தோல் ஷூவில் பசையே கிடையாது. ஒரே துண்டுத் தோல், தோல் கயிறு, உள்ளே புல்...

ஒரு விரல்தான் காட்டுகிறார்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பரிசோதனையில் இறங்காதீர்கள். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வணக்கம்.